ஸ்காவும் நடன மின்னிசையும்: அந்த அரை இடம் யாருக்கு?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் கொண்ட ஸ்கா குழு, அதாவது ஜமைக்காவில் பிறந்த அந்தத் துள்ளல் இசையை வாசிப்பவர்கள். கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், டிரம்பெட், டெனர் சாக்ஸ், டிராம்போன். சிங்கப்பூரில் தமிழ் இளையர்கள் ஆடும் நிகழ்ச்சிகளுக்காக எங்கள் சொந்தப் பாடல்களை ஹவுஸ், டிரம் அண்ட் பேஸ் என்னும் நடன மின்னிசைப் பாணிகளோடு கலக்கப் பார்க்கிறோம். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) வேகத்தில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) போட்டு, அதன்மேல் கிட்டாரை வைத்தால் ஸ்காவும் வரவில்லை, ஹவுஸும் வரவில்லை. போல்கா நடனத்துக்கு வாசிக்கிற மாதிரி ‘உம்-பா, உம்-பா’ என்று கேட்கிறது. எங்கே தவறு? எந்தப் பாணி ஸ்காவோடு நன்றாகப் பொருந்தும்?

பதில்:

உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அது உண்மையிலேயே போல்காதான். ஒவ்வொரு அடியிலும் கனமான ஒரு தட்டு, அதோடு சேர்ந்தே பேஸ், இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே குட்டையாக ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்). இந்த மூன்றும் சமமான இடைவெளியில் விழுந்தால் கிட்டாரில் வாசித்தாலும் அக்கார்டியனில் வாசித்தாலும் போல்காதான் வரும். சின்தசைசர் ஒலியை மாற்றியோ ப்ளக்-இன் வாங்கியோ இதைச் சரிசெய்ய முடியாது. தாளத்தில் எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானித்தால்தான் தீரும்.

கீழே தொடர்ந்து வரும் என்பதால் ஒரு கணக்கை முதலில் வைத்துக்கொள்வோம். ஓர் அடியை ‘தகதிமி’ என்று நான்காகப் பிரியுங்கள். த, க, தி, மி. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார், அதாவது கணினியில் தெரியும் 16 கட்டங்கள். ஹவுஸில் கிக் எல்லா ‘த’விலும் விழும். ஸ்காவின் கிட்டார் வெட்டு, அதாவது ஸ்கேங்க், எல்லா ‘தி’யிலும் விழும். கர்நாடக இசை படித்தவர்கள் குழுவில் இருந்தால் ‘அரை இடத்து எடுப்பு’ என்று ஒரே சொல்லில் புரியவைத்துவிடலாம். கையால் ‘த’வில் தட்டிக்கொண்டு வாயால் ‘தி’ மட்டும் சொல்லிப் பாருங்கள். எட்டுப் பார் பிசகாமல் சொல்ல முடியாதவர் ஸ்கேங்க் வாசிக்க இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

1950களின் இறுதியில் ஜமைக்காவில் ஸ்கா உருவானபோது அது போல்காவாக ஆகாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸின் ஷஃபிள் நடையிலிருந்து, அதாவது ஓர் அடியை நீளமும் குட்டையுமாகப் பிரிக்கும் நடையிலிருந்து, அது கிளைத்தது. ஜமைக்காவின் முன்னோடி ஸ்கா குழுவான ஸ்கேடலைட்ஸில் லாயிட் நிப் வாசித்த டிரம்ஸைக் கவனித்துக் கேளுங்கள். அழுத்தம் இரண்டாம், நான்காம் அடிகளில்தான் விழும். ஒன்றும் மூன்றும் ஏறக்குறைய காலி. பேஸ் ஒவ்வொரு அடியிலும் வேறு வேறு சுரமாக நடந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் ஊன்றாது. பியானோவும் கிட்டாரும் ‘தி’யில் சேர்ந்து வெட்டும், ஆனால் இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்காது. அழுத்தம், நடை, நீளம் மூன்றிலும் சமச்சீர் உடைந்திருப்பதால்தான் அது துள்ளுகிறது. நான்கு கிக்கும் ஒரே பலத்தில் விழும் ஹவுஸ் தாளத்தை அடியில் வைத்தவுடன் இந்தச் சமச்சீர் திரும்ப வந்துவிடுகிறது. உங்கள் பிரச்சினை முழுவதும் இதுதான்.

ஹவுஸிலேயே இருக்க விரும்பினால்

124 முதல் 128 வரையான வேகத்தில் முதலில் கவனிக்க வேண்டியது திறந்த ஹை-ஹேட் (டிரம்ஸில் காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு). ஹவுஸில் அதன் இடமும் அதே ‘தி’தான். கிட்டாரும் ஹை-ஹேட்டும் ஒரே உறையில் இரண்டு கத்தி. இரண்டையும் முழுப் பலத்தில் விட்டால் கிட்டாரின் கார்டு கேட்காது, ‘ச்சிக்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். ஹை-ஹேட்டை அந்த இடத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு, மூடிய ஹை-ஹேட்டை ‘க’விலும் ‘மி’யிலும் மெல்ல வைப்பதே நல்ல வழி. எடுக்க மனமில்லை என்றால் ஹை-ஹேட்டில் 7 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிட்டாரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுங்கள். இரண்டாவது வழியில் கலவை சுத்தமாக இருக்கும், ஆனால் துள்ளல் கொஞ்சம் குறையும்.

அடுத்து அழுத்தம். இரண்டாம், நான்காம் அடிகளில் கிக்கோடு ஒரு கைதட்டல், அதன்மேல் ஸ்னேர் விளிம்பில் தட்டும் ரிம்ஷாட், இரண்டையும் அடுக்குங்கள். ஒன்று, மூன்றில் கிக் மட்டும் இருக்கட்டும். அந்த இரண்டு கிக்குகளை 2 டெசிபல் குறைத்தாலும் கூட்டம் கவனிக்காது, உடம்பு கவனிக்கும்.

மூன்றாவது பேஸ். பேஸை ‘த’விலிருந்து நகர்த்துங்கள். முதல் அடியில் ஒரு முறை ஊன்றிவிட்டு, இரண்டாம் அடியின் ‘மி’, மூன்றாம் அடியின் ‘தி’, நான்காம் அடியின் ‘க’ என்று விட்டுவிட்டு வாசிக்கச் செய்யுங்கள். மூல சுரம், ஐந்தாம் சுரம், மூல சுரம், ஐந்தாம் சுரம் என்று மாறி மாறி வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். போல்கா வாடை வீசுவதில் பாதி அங்கிருந்துதான்.

இந்த மூன்றையும் செய்தால் ஹவுஸிலும் ஸ்கா நிற்கும். ஆனாலும் கேட்டதற்கு நேர்மையாகச் சொல்வதென்றால், ஹவுஸ் உங்களுக்கு முதல் தேர்வாக இருக்கக் கூடாது. அதே வேகத்துக்கு அருகில், 130 முதல் 134 வரையில், லண்டனில் வளர்ந்த டூ-ஸ்டெப் கராஜ் பாணி இருக்கிறது. அதில் எல்லா அடியிலும் கிக் கிடையாது. ஸ்னேர் இரண்டாம், நான்காம் அடிகளில் விழும், அதாவது ஸ்காவின் அழுத்தம் ஏற்கனவே அங்கே இருக்கிறது. கிக் விட்டுவிட்டு வருவதால் கிட்டாருக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஹவுஸில் போராடி வாங்கும் துள்ளல் இதில் தானாக வருகிறது.

ஸ்விங் பற்றி ஒரு குழப்பம்

கராஜிலும் ஹவுஸிலும் ஸ்விங், அதாவது இடையில் வரும் தட்டுகளைச் சற்றே தாமதப்படுத்தும் அளவு, 54 முதல் 58 சதவீதம் வரை வைப்பார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அந்த அளவு பதினாறில் ஒரு பங்கு சுரங்களுக்கானது. அது ‘க’வையும் ‘மி’யையும்தான் பின்னால் தள்ளும். ‘தி’ அசையாது. அதனால் ஸ்விங் பொத்தானைத் திருகிவிட்டு “கிட்டார் மாறவே இல்லையே” என்று தேடுவதில் பயனில்லை. பழைய ஷஃபிள் ஸ்கா வேண்டுமென்றால் எட்டில் ஒரு பங்கு சுரங்களுக்கான ஸ்விங் வேண்டும். 128 பிபிஎம்மில் ஓர் அடி 469 மில்லிசெகண்ட். ஸ்விங் இல்லாத ‘தி’ 234இல் விழும். அடியை மூன்றாகப் பிரிக்கும் முழுத் திஸ்ர நடையில் அது 312இல் விழும். 58 சதவீதம் வைத்தால் 272. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதே ‘தி’யில் வரும் எல்லாக் கருவிகளுக்கும் அதே எண். கிட்டாரை 272இல் வைத்து ஹை-ஹேட்டை 234இல் விட்டால் ஒரே தட்டு இரண்டாகப் பிளந்து கேட்கும்.

இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. உறுமி மேளக் குழுக்கள் வாசிக்கும் திஸ்ர நடையும் ஷஃபிள் ஸ்காவும் ஒரே சதவீதத்தில், 66இல், சந்திக்கின்றன. 116 முதல் 122 வரையான வேகத்தில் உறுமியையும் தவிலையும் ஸ்கேங்கையும் சேர்த்து வைத்தால் எதையும் வளைக்க வேண்டியிருக்காது. நேர் நடையில் ஓடும் 128 ஹவுஸ்மேல் உறுமியைப் போடும்போதுதான் எல்லாம் உதைக்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உறுமியின் இழுப்பு ஒலி பேஸ் இருக்கும் தளத்திலேயே இருக்கிறது. உறுமி பேசும்போது பேஸ் பேசக் கூடாது. நான்கு பார் உறுமிக்கு, நான்கு பார் பேஸுக்கு என்று பங்கு போடுங்கள்.

டிரம் அண்ட் பேஸ்: உங்கள் குழுவுக்கு உண்மையான சொந்தக்காரர்

174 பிபிஎம் வேகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதை முழுதாக எண்ணினால் 1990களில் அமெரிக்கக் குழுக்கள் பங்க் வேகத்தில் வாசித்த ஸ்கா. பாதியாக எண்ணினால் 87, அதாவது ரெகே. ஸ்காவிலிருந்து 1966 வாக்கில் ராக்ஸ்டெடி, அதிலிருந்து 1968 வாக்கில் ரெகே பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்த ஜங்கிள், ரெகே சவுண்ட் சிஸ்டங்களின் (பெரிய ஒலிபெருக்கிகளோடு நடன நிகழ்ச்சி நடத்தும் குழுக்களின்) பேஸையும் பேச்சுப் பாடலையும் எடுத்துக்கொண்டு, மேலே வேகமான டிரம்ஸை அடுக்கியது. டிரம் அண்ட் பேஸ் ஜங்கிளிலிருந்து வந்தது. ஆகவே இது வெளியிலிருந்து வந்த கலவை அல்ல. தாத்தாவும் பேத்தியும் சந்திக்கிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள், ஒரே பாட்டில் வேகத்தை மாற்றாமலே இரண்டு உலகங்கள் உங்களுக்குக் கிடைக்கின்றன. பல்லவிக்கு முன்வரை 87ஆக உணர்த்துங்கள். ஸ்கேங்க், 174 கணக்கில், இரண்டாம், நான்காம் அடிகளின் ‘த’வில் விழும். ட்ராப் (ஏற்றிக்கொண்டே வந்த பாட்டு முழுப் பலத்தில் இறங்கும் இடம்) வரும்போது டிரம்ஸை மாற்றாமல் கிட்டாரை மட்டும் எல்லா ‘தி’க்கும் மாற்றுங்கள். பிபிஎம் அதேதான், ஆனால் அரங்கம் இரட்டை வேகத்தில் குதிக்கும். மின்னிசையில் வழக்கமாக ஏறிக்கொண்டே போகும் வெள்ளை இரைச்சலும் உருளும் ஸ்னேரும் செய்யும் வேலையை உங்கள் கிட்டாரிஸ்டின் வலது கை செய்துவிடும். இந்தக் கலவையிலேயே மிக அழகான இடம் இது. பலர் இதைத் தொடாமலே போய்விடுகிறார்கள்.

இதில் சிக்கல் இரண்டு. டிரம் அண்ட் பேஸின் அடிப்படைத் தாளத்தில் கிக் முதல் ‘த’விலும் மூன்றாம் அடியின் ‘தி’யிலும் விழும். ஸ்னேர் இரண்டாம், நான்காம் ‘த’வில். முழு வேக ஸ்கேங்க் வாசிக்கும்போது மூன்றாம் அடியின் ‘தி’யில் கிக்கும் கிட்டாரும் மோதும். ஒவ்வொரு பாரிலும் ஒரு முறை கிட்டார் காணாமல் போவது போல் தோன்றுவதற்கு இதுவே காரணம். அதைக் கிட்டாரிஸ்டின் தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யாதீர்கள். அந்த ஒரு வெட்டை விட்டுவிடலாம், அல்லது கிக்கின் நீளத்தை 80 மில்லிசெகண்டுக்குள் குறைத்து அதன் 2 கிலோஹெர்ட்ஸ் ‘டக்’ ஒலியைத் தணிக்கலாம். வெட்டை விடுவதே நன்றாக இருக்கும். அந்த ஓட்டை தாளத்துக்கு ஒரு நொண்டல் அழகு தருகிறது.

இரண்டாவது சிக்கல், பாதி வேக ஸ்கேங்கில் கிட்டார் ஸ்னேரோடு மோதும். இது மோசமான மோதல் அல்ல, ஸ்னேர் தடித்துக் கேட்கும், ஆனால் கார்டு மறையும். அதற்கு இரட்டை வெட்டு உதவும். ‘த’வில் ஒன்று, அதே அடியின் ‘தி’யில் இன்னொன்று, ‘சக்-க’ என்று. முதல் வெட்டு ஸ்னேருக்குள் கரையும், இரண்டாவது தனியாக நின்று சுரத்தைச் சொல்லும்.

டப்ஸ்டெப் என்னும் இன்னொரு மின்னிசைப் பாணி பற்றிச் சுருக்கமாக. 140 பிபிஎம்மில் ஸ்னேர் மூன்றாம் அடியில் மட்டும் விழும். ரெகேயின் ஒன்-டிராப் தாளத்திலும் கனம் மூன்றாம் அடியில்தான். ஆகவே பொருத்தம் இயல்பானது. ஆனால் உங்கள் ஹார்ன்களின் (டிரம்பெட், சாக்ஸ், டிராம்போன்) துள்ளலுக்கு அது மிகவும் கனமான பூமி. ஒரு பாட்டின் நடுவில் 16 பார் மட்டும் வைத்தால் போதும். டெக்னோவைத் தவிர்க்கலாம். அது கார்டு மாற்றத்தையே விரும்பாத பாணி.

கிட்டாரைப் பதிவு செய்வது

எந்த வேகத்தில் வெளியிடப் போகிறீர்களோ அதே வேகத்தில், கிளிக் (வேகத்தைக் காட்டும் தட்டொலி) கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். 160இல் வாசித்ததை 174க்கு இழுப்பது ஏறக்குறைய 9 சதவீத மாற்றம். வெட்டின் கூர்மை அதில் மழுங்கிவிடும், ஹார்னில் நடுக்கம் சேரும். 3 சதவீதம் வரை பெரும்பாலும் தெரியாது.

மேல் மூன்று நான்கு தந்திகள் போதும். விரலை அழுத்தி உடனே தளர்த்துவதால்தான் ஒலி நிற்க வேண்டும், வலது உள்ளங்கையால் அல்ல. 128இல் ஒரு வெட்டின் நீளம் 70 முதல் 100 மில்லிசெகண்ட், 174இல் 50 முதல் 70. 117ஐத் தாண்டினால், அதாவது 128 வேகத்தில் ‘மி’ வரை நீண்டால், துள்ளல் போய்விடும். சுத்தமான ஒலி, டிஸ்டார்ஷன் வேண்டாம். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 400 அருகே 2 டெசிபல் குறையுங்கள், 2.5 கிலோஹெர்ட்ஸில் தேவைப்பட்டால் 2 ஏற்றுங்கள். சத்த ஏற்றத்தைத் தணிக்கும் கம்ப்ரெஸரில் அட்டாக், அதாவது அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரம், 10 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைத்தால் பிக் தந்தியைத் தொடும் அந்த முதல் ஒலியே நசுங்கிவிடும்.

நேரத்தைக் கணினி கட்டத்தில் 100 சதவீதம் ஒட்டவைக்காதீர்கள். 60 முதல் 70 சதவீதம் இழுத்தால் போதும். பிறகு முழு கிட்டார் தடத்தையும் 8 முதல் 12 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளிக் கேளுங்கள். கிக் கட்டத்தில் நிற்க, கிட்டார் சற்றே சாய்ந்து உட்காரும். 20ஐத் தாண்டினால் சோம்பல், தாளம் தெரியாதவர் வாசித்தது போல் ஆகிவிடும். கீபோர்டிலும் அதே ‘தி’யை ஒரு ஸ்தாயி மேலே பியானோவிலோ ஆர்கனிலோ வாசிக்கச் சொல்லுங்கள், கிட்டாரைவிடச் சற்று நீளமாக.

சைட்செயின் கம்ப்ரெஷன்தான் ஹவுஸின் மூச்சு. கிக் விழும்போது மற்றவை தணிந்து, பிறகு எழும். ஸ்காவுக்கு இது பரிசு போல அமைந்திருக்கிறது. கிக்குக்கும் கிட்டாருக்கும் நடுவே 234 மில்லிசெகண்ட் இருப்பதால், ஒலி எழுந்து உச்சிக்கு வரும் நொடியில் வெட்டு விழும். ஆனால் ரிலீஸ், அதாவது தணிந்த ஒலி திரும்ப எழும் நேரம், 100 முதல் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பல முன்னமைப்புகளில் 250க்கு மேல் இருக்கும். அதை அப்படியே விட்டால் கிட்டார் வரும் நேரத்தில் கலவை இன்னும் தணிந்த நிலையிலேயே இருக்கும், கிட்டார் கழுத்தை நெரித்த மாதிரி கேட்கும். சைட்செயினைப் பேஸிலும் பின்னணி சின்தசைசர்களிலும் வையுங்கள், கிட்டார் தடத்தில் வேண்டாம்.

நடக்கும் பேஸும் அடித்தள பேஸும்

ஸ்கா பேஸ் நடப்பது. நடன மேடையின் பேஸ் நிற்பது. ஜி மைனரில் 49 ஹெர்ட்ஸில் தொடங்கி 58, 73, 78 என்று நடந்தால் ஒவ்வொரு அடியிலும் அடித்தளத்தின் பலம் மாறுகிறது. பெரிய ஒலிபெருக்கியில் சில சுரங்கள் நெஞ்சில் இடிக்கும், சில காணாமல் போகும். ஆகவே பேஸை இரண்டாகப் பிரியுங்கள். பேஸ் கிட்டார் முழு நடையையும் வாசிக்கட்டும், அதில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அதன் அடியில் தூய சைன் அலை ஒன்று, கார்டின் மூல சுரத்தை மட்டும் நீளமாகப் பிடித்து நிற்கட்டும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. இப்படிச் செய்தால் நடையும் இருக்கும், இடியும் இருக்கும்.

கார்டு மாற்றத்திலும் இதே சமரசம் தேவை. ஸ்கா ஒரு பாரில் இரண்டு கார்டு மாறும் இசை. ட்ராப் பகுதியில் அப்படி மாறினால் ஆடுபவர்களுக்குப் பிடி கிடைக்காது. சரணத்தில் முழு மாற்றங்களையும் வையுங்கள். ட்ராப்பில் இரண்டு கார்டு, ஒவ்வொன்றும் இரண்டு பார்.

ஹார்ன்கள்

கணினியில் பாட்டமைப்பவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு சுருதித் தேர்வில் நடக்கிறது. எஃப் ஷார்ப் மைனர் திரையில் மற்ற சுருதிகளைப் போலத்தான் தெரியும். அதையே டிரம்பெட்காரர் கையில் கொடுத்தால், அவருக்குச் சுரங்கள் ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுதப்படுவதால், அவர் ஜி ஷார்ப் மைனரில், ஐந்து ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். ஜி மைனர், எஃப் மைனர், சி மைனர் மூன்றும் உங்களுக்கு ஏற்றவை. ஜி மைனரில் டிரம்பெட்டுக்கும் டெனர் சாக்ஸுக்கும் ஏ மைனர் வரும், எஃப் மைனரில் ஜி மைனர் வரும். எஃப் என்பது 43.7 ஹெர்ட்ஸ், ஜி என்பது 49. இரண்டுமே அடித்தள பேஸுக்குப் பொன்னான இடம். ஹார்னுக்கும் சப்வூஃபருக்கும் ஒரே சுருதி பிடிப்பது அதிர்ஷ்டம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ட்ராப்பின் முக்கிய மெட்டைச் சின்தசைசருக்குக் கொடுக்காமல் ஹார்ன்களுக்குக் கொடுங்கள். மெட்டு இரண்டு பார் நீளத்துக்கு மேல் வேண்டாம். மூவரும் ஒரே சுரத்திலோ ஸ்தாயி வித்தியாசத்திலோ வாசிக்கட்டும். மூன்று குரல் கார்டுகளைக் குட்டை வெட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலி மெலிவாக இருந்தால் கீழே ஒரு சா அலைச் சின்தசைசரை அடுக்கலாம். அதை 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, 15 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள். அப்போது உதடு பித்தளையைத் தொடும் அந்தத் தொடக்க ஒலி முன்னால் வரும், சின்தசைசர் நிழலாக நிற்கும். சின்தசைசர் முன்னால் வந்தால் கேட்பவர் மொத்தத்தையும் கணினி ஒலி என்றே நினைப்பார்.

மூச்சையும் மறக்காதீர்கள். 128இல் எட்டுப் பார் என்றால் 15 வினாடி. கணினியில் ஒட்டி ஒட்டி நீளமாக்கிய மெட்டு மேடையில் வாசிக்க முடியாததாகிவிடும். ஒவ்வொரு இரண்டாம் பாரின் கடைசி அடியும் காலியாக இருக்கட்டும்.

இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது வெப்பம். குளிரூட்டிய ஜேமிங் ஸ்டூடியோ (குழுக்கள் வாடகைக்கு எடுக்கும் ஒத்திகை அறை) 23 பாகை, எஸ்பிளனேட் வெளியரங்கு போன்ற திறந்தவெளி மேடை 30 பாகை. காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்றுக் கருவியின் சுருதி கணக்குப்படி 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். வாசிப்பவரின் மூச்சே குழலைச் சூடாக்கிவிடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஏறும். ஆனாலும் வித்தியாசம் காதுக்குத் தெரியும். டிஜிட்டல் சின்தசைசர் 440 ஹெர்ட்ஸிலேயே அசையாமல் நிற்கும். வழக்கமான ஸ்கா குழுவில் எல்லோரும் சேர்ந்து மெல்ல ஏறிவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. கணினி இருக்கும் குழுவில் அது உடனே அம்பலமாகும். மேடையேறுமுன் குறைந்தது பத்து நிமிடம், மேடையின் வெப்பத்திலேயே ஊதிச் சூடாக்கி, பிறகு கணினி தரும் சுரத்தோடு சுருதி சேருங்கள். அறைக்குள் சேர்த்த சுருதியை வெளியே நம்பாதீர்கள். கிட்டார் தந்திகளும் இந்த ஈரப்பதத்தில் சீக்கிரம் மங்கும். ஸ்கேங்கின் உயிர் தந்தியின் பளபளப்பில் இருப்பதால் பதிவுக்கு முந்தைய நாள் தந்தி மாற்றுவது நல்லது.

எதிரொலி

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர் மிக்ஸிங் மேசையையே இசைக்கருவியாக்கினார். கருவிகளை நிறுத்தி, எதிரொலியில் எறிந்து, ஹை-பாஸ் ஃபில்டரைப் படிப்படியாகத் திருகி அடித்தளத்தை உறிஞ்சி, திரும்ப விட்டார். இன்று டிஜேக்கள் ட்ராப்புக்கு முன்னால் செய்வது அதுவேதான். ஆகவே ட்ராப்பைக் கட்ட உங்களுக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எட்டுப் பார் முன்பிருந்து பேஸை நிறுத்தி, கிட்டாரின் கடைசி வெட்டை மட்டும் எதிரொலிக்குள் எறியுங்கள்.

எதிரொலியின் இடைவெளியில் கவனம் தேவை. எட்டில் ஒரு பங்கு வைத்தால் ‘தி’யில் எறிந்தது அடுத்த ‘த’வில் விழும், கிக்கோடு மோதும், இடைவெளி முழுவதும் நிரம்பிச் சேறாகும். புள்ளி வைத்த எட்டில் ஒரு பங்கு, அதாவது முக்கால் அடி, வையுங்கள். 128இல் 352 மில்லிசெகண்ட், 174இல் 259. அப்போது எதிரொலி ‘க’, ‘த’, ‘மி’ என்று சுற்றிவிட்டு நான்காவது முறை மறுபடி ‘தி’க்கு வந்து சேரும். கேட்பவரின் கால் தடுமாறி, பிறகு பிடித்துக்கொள்ளும். எதிரொலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். நான்கு பாருக்கு ஒரு முறைக்கு மேல் எறிய வேண்டாம்.

வரிகளைப் பற்றி ஒன்று மட்டும். தமிழில் நெடிலை ‘த’வில் வைத்தால் பாட்டு அணிவகுப்பு நடையாகிவிடும். குறிலில் தொடங்கி நெடில் ‘தி’யில் விழுமாறு சொற்களைத் தேர்ந்தால் கிட்டாரும் குரலும் சேர்ந்து துள்ளும். ட்ராப்புக்கு முன்னால் கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) நான்கு பார் வைக்கத் தெரிந்தவர் இருந்தால், 174இல் அதைவிட நல்ல உருளல் கிடையாது.

வீட்டிலும் மேடையிலும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சப்வூஃபர் வைத்து அடித்தளத்தைத் தீர்மானிக்க முடியாது. கான்கிரீட் வழியே அண்டை வீட்டுக்குப் போவது அந்த அலைவரிசைதான். சிறிய அறையின் மூலைகளில் அது பொய்யாகவும் கேட்கும். ஹெட்போனில் கலந்து, ஸ்பெக்ட்ரம் மீட்டரில் 40 முதல் 60 ஹெர்ட்ஸைக் கண்ணால் பாருங்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு மூன்றையும் வீட்டிலேயே நேரடியாகக் கணினிக்குள் பதியலாம். டிரம்ஸுக்கும் ஹார்னுக்கும் ஜேமிங் ஸ்டூடியோவில் மூன்று மணி நேரம் எடுங்கள். உதடு களைக்குமுன் ஹார்னை முதலில் முடித்துவிடுங்கள், டிரம்ஸ் பிறகு. முழுக் கலவையில் மாஸ்டர் தடத்தில் 6 டெசிபல் இடம் விட்டு வையுங்கள். சத்தத்துக்காக லிமிட்டரை நெரித்தால் முதலில் சாவது கிட்டாரின் வெட்டு.

மேடையில் மடிக்கணினியின் இரண்டு வெளியீடுகளைப் பிரியுங்கள். இடது பக்கம் கிளிக், அது டிரம்ஸ் வாசிப்பவரின் காதுக்கு மட்டும். வலது பக்கம் தடம், மோனோவாக, ஒலியமைப்பாளருக்கு. கிளிக் தவறிக்கூட முன்பக்க ஒலிபெருக்கிக்குப் போகாதபடி ஒத்திகையிலேயே கேபிள்களுக்கு நிற நாடா ஒட்டிவிடுங்கள். தடத்தில் அடித்தள பேஸ், ஹை-ஹேட், பின்னணி ஒலி மட்டும் இருக்கட்டும். கிக்கையும் ஸ்னேரையும் டிரம்ஸ் வாசிப்பவரே அடிக்கட்டும். கணினியின் கிக்கும் மனிதரின் கிக்கும் ஒன்றாக ஒலித்தால் 10 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்று, அடித்தளம் மெலிந்துவிடும். மின்னணுக் கிக் ஒலிதான் வேண்டுமென்றால் கிக் டிரம்மில் ட்ரிக்கர் (அடியை உணர்ந்து மின்னணு ஒலியை எழுப்பும் கருவி) மாட்டி, அவர் காலாலேயே அதை எழுப்பச் செய்யுங்கள். கணினியின் ஆடியோ பஃபர் (ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளுக்கு மேல் போக வேண்டாம். 512 வைத்தால் வெளியே போவதற்கே 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். கீபோர்டுகாரர் கணினி வழியே வாசிப்பவராக இருந்தால், கிட்டார் சரியான ‘தி’யில் விழ, அவருடைய ‘தி’ மட்டும் ஒவ்வொரு முறையும் தாமதமாக விழும்.